கீழக்கரையில் பில்டர் கேட்கும் பழைய வீடு: இடிக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கீழக்கரையில் வள்ளல் சீதக்காதி சாலையை ஒட்டிய தெருக்களில் பழைய வீடு வைத்திருக்கும் குடும்பங்களில் இப்போது ஓடும் பேச்சு ஒன்றுதான். "பில்டர் நல்ல விலை சொல்றார், குடுத்துடலாமா?" கேட்பவர் பெரும்பாலும் அந்த வீட்டில் குடியிருப்பவராக இருக்கமாட்டார். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் ஊர் என்பதால், உம்மாவின் உம்மா பெயரில் இருந்த வீடு இன்று மூன்று லாத்தாக்களுக்கும் (அக்காமாருக்கும்) அவர்கள் பிள்ளைகளுக்குமாகப் பிரிந்து நிற்கும். ஒருவர் சென்னை மண்ணடியில், ஒருவர் துபாயில், இன்னொருவர் கொழும்பில். சாவி மட்டும் ஊரில் இருக்கும் ஒரு மாமாவிடம்.

நான் ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் வட்டாரத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்பவன். பழைய வீட்டை இடித்துக் கொடுத்ததும் உண்டு, பழுது பார்த்துக் கொடுத்ததும் உண்டு. இடித்துக் கட்டினால்தான் என்னைப் போன்றவர்களுக்கு வரும்படி அதிகம். அதை மனதில் வைத்துக்கொண்டே கீழே உள்ளதைப் படியுங்கள்.

கணக்குப் பார்க்க ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தெருவைப் பார்த்து 40 அடி, உள்ளே 120 அடி. 4,800 சதுர அடி, ஏறத்தாழ 11 சென்ட். முன்னால் திண்ணை, அப்புறம் கூடம், நடுவில் முற்றம், பின்னால் அடுப்படியும் கிணறும். இரு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர். ஆறு பங்குதாரர்கள்.

சட்டம் தடுக்குமா என்றால், அநேகமாகத் தடுக்காது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னமாக இருந்தால் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது, அதன் சுவர் ஓவியங்கள் அதனால் தப்பின. மரபுக் கட்டடங்களுக்கென்றே தமிழ்நாட்டில் 2012-இல் மரபு ஆணையச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் ஒரு மரைக்காயர் வீட்டுக் கூடத்தை இடிக்கக்கூடாது என்று யாரும் நோட்டீஸ் ஒட்ட வரப்போவதில்லை. முடிவு முழுக்கக் குடும்பத்தின் கையில். அதற்கு முன்னால் இருப்பது ஐந்து வழிகள்.

இடித்துவிட்டு ஜே.வி.

ஜே.வி. என்றால் இடம் நம்முடையது, கட்டுவது பில்டர், கட்டியதை இருவரும் பங்கு போட்டுக்கொள்ளும் கூட்டு ஒப்பந்தம். ஆறு பங்குதாரர்கள் இருக்கும் இடத்தில் இதுதான் சுலபமான வழி, இதில் பொய்யில்லை. 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி உயரம் குறைந்த கட்டடத்துக்குத் தளப்பரப்பு விகிதம் 2, அதாவது எல்லா மாடியும் சேர்த்து மனையைப்போல் இரண்டு மடங்கு. நம் மனையில் அதிகபட்சம் 9,600 சதுர அடி. பில்டர் பாதி, நாம் பாதி என்றால் நமக்கு 4,800. ஆறாகப் பிரித்தால் தலைக்கு 800. சின்ன ஃபிளாட் ஒன்று, அல்லது கீழே ஒரு கடை. ஒருவர் விற்கலாம், ஒருவர் வைத்துக்கொள்ளலாம், சண்டை இல்லை. ஆனால் 9,600 என்பது தாளில் உள்ள மேல்வரம்பு. சுற்றிலும் விட வேண்டிய இடம், கார் நிறுத்தம், படிக்கட்டு என்று போனபின் கைக்கு வருவது குறையும். 40 அடி முகப்பில் கார் நிறுத்தத்துக்கு வழி விட்டால் கடைக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பிளான் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். பில்டர்கள் இந்தப் பேச்சை அஸ்திவாரம் போட்டபிறகுதான் எடுப்பார்கள்.

அடுத்து உப்பு. மதுரையில் கட்டும் கான்கிரீட்டும் கீழக்கரையில் கட்டும் கான்கிரீட்டும் ஒன்றாக இருக்க முடியாது. கடற்கரைக் காற்றுக்கு வெளியே நிற்கும் கான்கிரீட்டுக்கு கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கேட்பது எம்-30 தரம் (எண் கூடினால் வலு கூடும்), கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் காரை. கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நம் தெருக்கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்தால் தெரியும், அது அந்த வரம்புக்குள் அடங்குமா என்று. நல்ல தண்ணீர் லாரியில் வாங்க வேண்டும், மணல் கடல் மணலாக இருக்கக்கூடாது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். விலை ஏறும். பில்டர் சொல்லும் மலிவு விலையில் எம்-20 கான்கிரீட்டும், கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் சென்ட்ரிங் பலகையிலேயே படுத்திருக்கும் கம்பியும்தான் வரும்.

அதன் கதி என்ன என்பதைத் தெருவில் நின்று மேலே பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். புதுக் கட்டடத்தின் சன்ஷேடு அடியில், கம்பி ஓடும் நேர்கோட்டில், முதலில் பழுப்பாக ஒரு கறை தெரியும். பிறகு அதே கோட்டில் மயிரிழை விரிசல். உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், காரையைத் தள்ளும். ஒரு நாள் உள்ளங்கை அளவு துண்டு கீழே நிற்கும் பைக்கின் சீட்டில் விழும். மேஸ்திரி வந்து சிமெண்டைக் குழைத்துப் பூசிவிட்டுப் போவார். துரு உள்ளேயே வளரும். "கான்கிரீட்னா காலத்துக்கும் இருக்கும்" என்று பேசும் காக்காமார்களை (அண்ணன்மார்களை) அந்த சன்ஷேடுக்குக் கீழே ஐந்து நிமிடம் நிற்க வைத்தால் போதும்.

நம் பழைய வீட்டின் பவளக்கல், சுண்ணாம்புச் சுவருக்கு இந்த நோய் இல்லை, உள்ளே துருப்பிடிக்க இரும்பே கிடையாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் மாதா கோவில் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் அலைச்சாரலில் அறுபது ஆண்டுகளாக நிற்கின்றன. அந்தச் சுவர்களில் இருப்பது பவளக்கல்லும் சுண்ணாம்பும். கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் பவளத்தின் பூக்கண்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும். போனது கூரை. கூரை இல்லாத சுவரை மழை மேலிருந்து கரைக்கிறது. நம் வீட்டுக்கும் இதே கதைதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

முகப்பை மட்டும் வைத்துக்கொள்வது

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பிடித்த யோசனை இது. திண்ணையும் தேக்குக் கதவும் அப்படியே இருக்கட்டும், பின்னால் மூன்று மாடி எழுப்பிக்கொள்ளலாம் என்பார்கள். சிங்கப்பூரைப் பார்த்து வந்த ஆசை. அங்கே 1989-இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் பகுதிகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தார்கள். இன்றுவரை 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அந்தப் பாதுகாப்பில் உள்ளன. நம் ஊர்க்காரர்களும் நாகூர்க்காரர்களும் தொழுத தெலோக் ஆயர் தெருவின் நாகூர் தர்கா 1974-லேயே தேசியச் சின்னம். ஆனால் அங்கே நடந்தது ஒரு வீட்டின் முகப்பைக் காப்பாற்றிய வேலை இல்லை. தெரு முழுவதற்கும் ஒரே விதி, மீறினால் அபராதம், மேற்பார்வைக்கு ஆள். உள்சுவர், மரத்தளம், கூரை எல்லாவற்றுக்கும் விதி உண்டு.

கீழக்கரையில் தனி ஒரு வீடு அதைச் செய்தால் வேறு மாதிரி முடியும். ஆழமாகத் தோண்டி நிறுத்திய கான்கிரீட் தூணும், மேலாக அமர்ந்த சுண்ணாம்புச் சுவரும் ஒரே மாதிரி இறங்காது. சேரும் இடத்தில் விரிசல் வரும், விரிசலில் மழை இறங்கும். பழசும் புதுசும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று பழைய சுவர் மேல் சிமெண்ட் பூசுவார்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, பூச்சின் வழியே வெளியே விட்டுப் பழகியது. சிமெண்ட் அந்த வழியை அடைத்தால் ஈரத்தோடு வந்த உப்பு உள்ளேயே நின்று கல்லைத் தின்னும். சுவரைத் தட்டிப் பாருங்கள். சில இடத்தில் கெட்டியாகக் கேட்கும், சில இடத்தில் பொள்ளென்று கேட்கும். பொள்ளென்று கேட்கும் இடத்தில் சிமெண்டைப் பெயர்த்தால் பின்னால் கல் மாவாக உதிரும். நல்ல நிலையில் இருந்த சுவரை ஆசையோடு கொல்லும் வழி இது.

ஐந்து வழிகளில் இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. செலவு இடித்துக் கட்டுவதைவிட அதிகம், ஆயுள் இடித்துக் கட்டுவது, பழுது பார்ப்பது இரண்டையும்விடக் குறைவு. முழுதாக இடித்துவிடுவது இதைவிட நேர்மையான வேலை.

பழுது பார்த்துக் குடியிருப்பது

இதில் நான் கொஞ்சம் பக்கச் சார்போடு பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வீட்டில் முதலில் கெடுவது மச்சு, அதாவது மரக்கட்டைகள் தாங்கும் மேல்தளம். பனங்கையோ பர்மா தேக்குக் கட்டையோ, சுவருக்குள் நுழையும் முனையில்தான் கறையானும் ஈரமும் பிடிக்கும். நடுக்கட்டை இரும்பு மாதிரி இருக்கும், முனை மட்டும் விரலால் சுரண்டினால் உதிரும். இதைப் பார்த்துவிட்டு "மொத்த மச்சும் போச்சு" என்று சொல்லும் ஆளை நம்ப வேண்டாம். முனையை வெட்டிப் புது மரம் ஒட்டலாம், சுவரோடு தாங்கு கட்டை கொடுக்கலாம். கெட்ட கட்டைகளை மட்டும் மாற்றலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழைய தேக்கு கிடைக்கிறது. ஒரு ஊரில் இடிந்த வீடு இன்னொரு ஊர் வீட்டை நிறுத்துகிறது, வேறு வழியில்லை.

சுவருக்குத் தேவை சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றிப் புளிக்க வைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைக்க வேண்டும். பனை மாவட்டத்தில் இருந்துகொண்டு கருப்பட்டிக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. பஞ்சம் கைக்குத்தான். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், இருப்பவர்கள் செட்டிநாட்டுப் பக்கம் பிஸி. பூச்சு ஒவ்வொரு கைக்கும் இடையில் காய வேண்டும். சிமெண்டில் பழகிய வீட்டுக்காரருக்கு "இன்னும் ஆகலையா?" என்று கேட்டே வாய் வலிக்கும்.

கல் விஷயம் வேறு. மன்னார் வளைகுடாத் தேசியக் கடல் பூங்கா 1986-இல் 21 தீவுகளோடு அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. இனி புதுப் பவளக்கல் எடுப்பது குற்றம். அந்தத் தடையைக் குறை சொல்லமாட்டேன். கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. ஆனால் அதன் அர்த்தம் இது: பழுது பார்க்கக் கிடைக்கும் பவளக்கல் இன்னொரு பழைய வீடு இடியும்போது வெளிவரும் கல் மட்டும்தான். அதைத்தான் ஜே.சி.பி. அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளம் நிரப்பக் கொட்டுகிறது.

வருமானம் வேண்டாமா என்று கேட்பார்கள். 40 அடி முகப்பில் திண்ணையையும் பக்கத்து அறையையும் சேர்த்து இரண்டு கடைகளாக ஆக்கலாம், நடுவில் வீட்டு வாசல். கடைக்காரருக்குத் தேவை ஷட்டரும் போர்டும். போர்டைக் கதவின் மேல் ஆணியடிக்காமல் தனி இரும்புச் சட்டத்தில் நிறுத்தச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பாத்ரூமை மட்டும் பழைய சுவருக்குள் கொண்டுவராதீர்கள். கொல்லைப் பக்கம் தனியாகக் கட்டிக்கொள்ளலாம், பைப் ஒழுகினாலும் பழைய சுவருக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு கடை வாடகை ஆறு பங்குதாரரைப் பணக்காரராக்காது. ஆனால் வரியும் பராமரிப்பும் போக மிஞ்சும், வீடு கைவிட்டுப் போகாது.

ஹோட்டலாக விடுவது

செட்டிநாட்டில் இது ஓடுகிறது. காரைக்குடியிலும் கடியாபட்டியிலும் பெரிய வீடுகள் ஹோட்டல்களாகி நன்றாகவே நிற்கின்றன. கீழக்கரையில் ஓடுமா? சந்தேகம்தான். ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர் வழியில் இங்கே இறங்குவதில்லை, ஏர்வாடி தர்காவுக்கு வரும் ஜனத்துக்குத் தேவை மலிவான அறை. தண்ணீரை லாரியில் வாங்கி அறைக்கு அறை ஷவர் போட்டால் கணக்கு உதைக்கும். ராமேஸ்வரம் தெருக்களையும் பாருங்கள். கோவிலைச் சுற்றிய ரத வீதிகளிலும் பக்கத்துச் சந்துகளிலும் லாட்ஜ் மேல் லாட்ஜாக வந்து, யாத்ரீகரை வீட்டுத் திண்ணையில் இறக்கிய பழைய தெருக்களின் முகம் மாறிவிட்டது. 1,212 தூண் பிரகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருபவருக்கு எதிரே தெரிவது கண்ணாடி ஒட்டிய லாட்ஜ் முகப்பு.

கலாம் வீட்டைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். பள்ளிவாசல் தெருவில் இருக்கும் அந்த வீட்டின் மாடி இன்று காட்சிக்கூடம், கடையும் உண்டு, கூட்டமும் உண்டு. உங்கள் வீட்டில் ஒரு ஜனாதிபதி பிறந்திருந்தால் அந்த வழியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. நம்மவர்கள் பினாங்குக்குக் கப்பலேறிய காலத்திலிருந்து தெரிந்த ஊர் ஜார்ஜ் டவுன். அங்கே பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டோடு நீங்கியது, 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்தது. கட்டடங்கள் பளபளப்பாயின. தலைமுறையாகக் குடியிருந்த சிறு வியாபாரிகள் பலர் வாடகை கட்ட முடியாமல் வெளியேறினார்கள். இலங்கையில் காலி நகரின் கோட்டைக்குள் வீடுகளை வெளிநாட்டார் வாங்கிக் குவித்ததும் இதே கதை. சுவர் பிழைக்கும், தெரு காலியாகும். ஹோட்டலுக்கு விட்டே ஆக வேண்டும் என்றால் புதுச்சேரி வைசியாள் வீதியைப் பாருங்கள். குடியிருப்பவர்களை வைத்துக்கொண்டே வரிசையாக முகப்புகளைச் சீர் செய்து, 2008-இல் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் விருது வாங்கிய தெரு. அது தனி வீட்டு வேலை இல்லை, தெரு வேலை என்பதைக் கவனியுங்கள்.

ஐந்தாவது வழி, பூட்டிப் போடுவது. ஊரில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். இது முடிவே இல்லை, மழை உங்களுக்காக எடுக்கும் முடிவு. புதுச்சேரியில் அரசாங்கத்தின் கையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடமே 2014 நவம்பர் மழையில் சரிந்து, புதிதாகக் கட்ட வேண்டி வந்தது. மாமாவிடம் சாவி இருக்கும் வீடு எம்மாத்திரம்.

பக்கத்து வீட்டு முற்றம்

பங்குதாரர்கள் கூடி உட்காரும்போது யாரும் எடுக்காத பேச்சு இது. என் அனுபவத்தில் கடைவீதித் தெரு மாறுவது இதனால்தான்.

நீங்கள் மூன்று மாடி எழுப்பியதும் பக்கத்து வீட்டு முற்றம் உங்கள் பால்கனியிலிருந்து அப்படியே தெரியும். இந்த ஊரில் முற்றம் பெண்கள் புழங்கும் இடம். அவர்கள் என்ன செய்வார்கள்? சண்டை போட மாட்டார்கள், சொந்தக்காரர்கள்தானே. முற்றத்தின் மேல் ஷீட் போடுவார்கள். ஷீட் போட்டதும் வீட்டுக்குள் வெளிச்சம் போகும், காற்று நிற்கும், சுவர் ஈரம் காயாது. உப்பு பூக்கும். ஏ.சி. போடுவார்கள், அதன் தண்ணீர் ஒரு மூலையில் சொட்டும். கொஞ்ச வருஷத்தில் அவர்களும் பில்டருக்கு போன் போடுவார்கள். அவர் எழுப்பும் மாடி அடுத்த முற்றத்தைப் பார்க்கும்.

பொதுச் சுவர் இன்னும் மோசம். உங்கள் பாதியை ஜே.சி.பி. இழுக்கும்போது அவர்கள் மச்சுக் கட்டையின் முனை அதே சுவருக்குள்தான் இருக்கிறது. புது விதிப்படி இடம் விட்டுப் பின்தள்ளிக் கட்டினால் தொடர்ந்து வந்த திண்ணை வரிசையும் நிழலும் உங்கள் வீட்டில் அறுந்துபோகும். ஒரு வீடு போனால் தெருவில் இடைவெளி, மூன்று வீடு போனால் அது வேறு தெரு. ஜும்மாப் பள்ளியின் கல்தூண்கள் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கின்றன, இனியும் நிற்கும். அதைச் சுற்றியிருந்த தெரு போனபின் அது தனித்து நிற்கும்.

அதனால் நான் சொல்லும் வரிசை இது. பத்திரத்தை முதலில் சரி செய்யுங்கள். ஆறு பேரும் ஊருக்கு வர முடியாவிட்டால் ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுங்கள். பத்திரம் தெளியாத வீட்டில் சுண்ணாம்பும் ஒட்டாது, பில்டரும் தங்கமாட்டார். பிறகு சுவரையும் மச்சையும் தட்டிப் பார்க்க, இடிக்கும் வேலையில் லாபம் இல்லாத ஓர் ஆளைக் கூப்பிடுங்கள். பொதுச் சுவர் இரண்டும் கெட்டி, மச்சில் பாதிக் கட்டைக்கு மேல் தேறும் என்றால் பழுது பாருங்கள், முன்னால் கடை வையுங்கள். சுவரே மாவாகிவிட்டது, பெரும்பாலான பங்குதாரர் காசுக்கு நெருக்கடியில் இருக்கிறார்கள் என்றால் இடியுங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் ஜே.வி. ஒப்பந்தத்தில் நான்கு வரி சேருங்கள்: ஒன்று, கான்கிரீட் எம்-30, கம்பி மேல் 45 மில்லிமீட்டர் காரை; இரண்டு, பக்கத்து வீட்டுச் சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் இடிக்கக் கூடாது; மூன்று, முற்றத்தைப் பார்க்கும் பக்கம் பால்கனி கூடாது; நான்கு, கல்லும் கட்டையும் நம்முடையது, கையால் பிரித்து அடுக்கித் தர வேண்டும். நாலாவது வரிக்கு பில்டர் சிரிப்பார். சிரிக்கட்டும். கல்லை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது.

பழுது பார்க்கத் தீர்மானித்தவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும். மச்சைத் திறந்தால் ஐப்பசி மழைக்கு முன் மூடியாக வேண்டும். சுண்ணாம்புத் தளம் காய மாதங்கள் பிடிக்கும் என்பதால் தை பிறந்ததும் மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். சித்திரையில் ஊருக்கு லீவில் வந்து பேசிக்கொள்ளலாம் என்று இருந்தால், அந்த வருஷ வேலை அடுத்த வருஷத்துக்குப் போய்விடும்.